அழுவதற்கென்று ஒரு துளை

சாட்ஸ்வொர்த்தில்
பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் ஷெட்.
பலகையில் ‘படையாச்சி அண்ட் டாட்டர்’.
படையாச்சி ஜோபர்க்கில் யாரோ ஒருத்தியோடு.
டாட்டர் நான்.

கார் வந்தபோது மணி நாலு.
கறுப்பு. ஜெர்மன். எட்டு சிலிண்டர்.
என் முகத்தில் கிரீஸ் இருந்தது
அதன் பானெட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

“தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை”
என்றார் அட்வகேட் ஸோண்டி.
“மூன்று கராஜ். ரேடியேட்டரை மாற்றினார்கள்.
மூடியை மாற்றினார்கள். வாட்டர் பம்பை மாற்றினார்கள்.
கடைசி ஆள் காரையே மாற்றச் சொன்னான்.”

நான் முதலில் மூக்கை நம்புவேன்.
சூட்டில் கசியும் கூலண்டுக்கு ஒரு வாசனை உண்டு,
பாகு பதம் தப்பிய அடுப்படி மாதிரி.
தித்திப்பு. ஆனால் விஷம்.

பேக்கி அடித்தட்டைக் கழற்றினான்.
பிளாஸ்டிக் குழியில் நீலமாய் ஒரு குட்டை.
சொட்டாமல் இல்லை, கீழே ஏந்த
ஒரு தட்டு இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கைப்பம்பைப் பூட்டி ஒன்றரை பார் ஏற்றினேன்.
முள் நின்றது.
நின்றது.
டீ ஆறுவதற்குள்
ஒரு மயிரிழை இறங்கியது.

ஆறு மணிக்கு லோட்ஷெடிங்.
இருட்டும் நல்லதுதான். சாயம் கலந்து
ஊதா டார்ச்சைப் பல்லில் கடித்து
தலையை உள்ளே நுழைத்தேன்.
ஹோஸ் முனைகள் சுத்தம். ரேடியேட்டர் புதுசு, சுத்தம்.
பம்புக்குப் பின்னால்,
ஆல்டர்னேட்டருக்கும் பின்னால்,
பச்சையாய் ஒரு மின்மினி.
நீண்டது. விழுந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

“அங்கே ஒரு துளை” என்றேன்.
“உடைப்பா?”
“இல்லை மேடம், ஃபாக்டரியில் போட்டது.
இரண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு.
அதில் ஒரு குழாய். குழாய் முனையில் ரப்பர் வளையம்.
வளையம் சூட்டில் ஒருநாள் மரத்துப்போகும்.
அன்றைக்குத் தண்ணீர் ஆயிலில் கலக்காமல்
வெளியே வந்து அழட்டும் என்று
ஒரு துளை.”

செல்போன் வெளிச்சத்தில்
அவர் முகம் கோர்ட்டுக்குப் போனது.
“அப்படியானால் அவர்களுக்குத் தெரியும்.”
“தெரியும்.”
“தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.”
“தெரிந்ததால்தானே மேடம் துளை போட்டார்கள்.”
பேக்கி சிரித்தான்.
எங்களில் யாரைப் பார்த்து என்று
இருட்டில் தெரியவில்லை.

கம்பெனி முறைப்படி என்றால் எஞ்சினை இறக்க வேண்டும்.
அந்தக் காசில் டோங்காட்டில் ஒரு கல்யாணத்தை முடிக்கலாம்.
என் முறை வேறு. மேனிஃபோல்டைத் தூக்கி,
பள்ளத்தாக்கின் மூடியைத் திறந்து,
பழைய குழாயை நடுவில் அறுத்து
இரண்டு துண்டாய் உருவி எடுத்து,
மடக்குக் குடைபோல் நீளும் குழாய் ஒன்றை
சுருக்கி உள்ளே வைத்து, இழுத்து விரித்து,
இரு முனையிலும் புது வளையம் அமர்ந்ததும் பூட்டினேன்.
சொல்ல ஏழெட்டு வரி. செய்ய மூன்று நாள்.
இரண்டாம் நாள் ஒரு போல்ட் உள்ளே விழுந்தது.
அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நாலாம் நாள் காற்றை வெளியேற்றி, நீலம் ஊற்றி,
மறுபடி ஒன்றரை பார்.
டீ ஆறியது. முள் நின்றது.
இரவெல்லாம் நின்றது.
காலையில் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்,
முள் செத்துவிட்டதோ என்று.

பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு
பழைய வளையத்தைக் கேட்டார்.
நமுத்துக் காய்ந்த முறுக்கு மாதிரி இருந்தது,
பாதி என் விரலிலேயே நொறுங்கியது.
மீதியைக் கவரில் போட்டு, தேதி எழுதி,
என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.
எந்த வழக்குக்கு என்று சொல்லவில்லை.

கார் ஹிக்கின்சன் ஹைவேயில் ஏறும்வரை
வாசலில் நின்றேன்.
பிறகு ஹோஸை எடுத்துத் தரையைக் கழுவினேன்,
சோப்புப் போட்டு, மூன்று தடவை.
பக்கத்து வீட்டு நாய்க்கு
இனிப்பு என்றால் உயிர்.